தொடரின் தலை

"ஹி ரேன் அப் எ ஹில்" என்பது ஓர் ஆங்கிலக் கூற்று. "ஹி ரேன் அப் எ பில்" என்பது மற்றொன்று. இரண்டிலும் ஐந்தைந்து சொற்கள். முதல் நான்கும் ஒன்றே. ஐந்தாம் சொல்லிலும் முதல் ஒலி மட்டுமே வேறு. முன்னதில் அவன் குன்றின்மேல் ஓடி ஏறினான். பின்னதில் கடையிலோ விடுதியிலோ கடன் கணக்கை ஏறவிட்டான். ஒரு சொல் மாறியதால் பொருள் மாறிற்று என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இங்கே சொல்லோடு சேர்ந்து வேறொன்றும் மாறியிருக்கிறது.

கடைசி மூன்று சொற்களையும் பெயர்த்து முன்னே வைத்துப் பார்ப்போம். "அப் எ ஹில் ஹி ரேன்" என்பது சற்றே பாட்டுப்பாங்கான ஆங்கிலம், ஆயினும் ஆங்கிலந்தான். "அப் எ பில் ஹி ரேன்" என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லார். இப்போது மறுபுறம் திருப்புவோம். "ஹி ரேன் எ பில் அப்" என்று "அப்"பைக் கடைசிக்குத் தள்ளலாம்; "ஹி ரேன் எ ஹில் அப்" என்று தள்ள முடியாது. ஆக, முதற்கூற்றில் "அப்" குன்றோடு கட்டுண்டது. இரண்டாவதில் அதே சொல் ஓட்டத்தோடு கட்டுண்டு, "ரேன் அப்" என்று ஒரே வினையாய் நிற்கிறது. எழுத்தில் இந்தக் கட்டு தெரிவதில்லை. சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடம் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான்.

இத்தகைய கட்டையே ஆங்கில இலக்கணம் "ஃபிரேஸ்" என்கிறது. நாம் தொடர் என்போம். எழுவாயும் பயனிலையும் பெற்று முழுக்கருத்தைத் தருவது முற்றுத்தொடர். அவ்விரண்டையும் பெற்றும் பெரிய முற்றுத்தொடருக்குள் அடங்கி நிற்பது கிளைத்தொடர். இவற்றினும் சிறியதாய், ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே உறுப்பாக வந்து அமர்வது தொடர். வெண்பா படித்துப் பழகியவர்க்கு இந்த நிலை புதிதன்று. யாப்புக்காகச் சீர் பிரித்து அடுக்கிய வரியை அப்படியே படித்தால் பொருள் விளங்காது. சீரை மறந்து சொல்லைப் பிரித்து, எது எதனோடு சேரும் என்று கூட்டிய பிறகே பொருள் வெளிப்படும். ஆங்கில உரைநடையைப் படிப்பவரும் ஒவ்வொரு வரியிலும் இதைத்தான் செய்கிறார். செய்கிறோம் என்பதை அறியாமலே செய்கிறார்.

பள்ளிப் பாடநூல்கள் இவ்விடத்தில் நேரே பட்டியலுக்குப் போய்விடுகின்றன. ஒரு நூல் ஐந்து வகை என்னும். இன்னொன்று எட்டு என்னும். மாணவர் பெயர்களை நெட்டுருப் போடுகிறார். பெயர்கள் நினைவில் நின்றாலும், கண்முன் வந்த தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரிவதில்லை. வகைகளை அறியுமுன் அறிய வேண்டியவை இரண்டு: இக்கட்டின் எல்லை எது, இக்கட்டின் தலைச்சொல் எது.

எல்லையைக் காட்டும் உரைகற்கள் சில உண்டு. பெயர்த்து வேறிடத்தில் வைத்தல் ஒன்று. அதை மேலே செய்துவிட்டோம். மொத்தத்துக்கும் பதிலாக ஒரே சொல்லை வைத்தல் மற்றொன்று. அமெரிக்க மொழியியலறிஞர் லியனார்டு புளூம்ஃபீல்டு 1933-இல் வெளியிட்ட "லாங்குவேஜ்" என்னும் நூலில் "புவர் ஜான் ரேன் அவே" என்ற சிறு கூற்றை எடுத்துக்கொண்டார். சொற்கள் நான்கு; ஆனால் அண்மை உறுப்புகள் இரண்டே, "புவர் ஜான்" ஒன்று, "ரேன் அவே" மற்றொன்று என்றார். முன்னதை எடுத்துவிட்டு "ஹி" என்று வைக்கலாம். பின்னதை எடுத்துவிட்டு "டிட்" என்று வைக்கலாம். நடுவிலுள்ள "ஜான் ரேன்" என்ற இரண்டும் அடுத்தடுத்தே நிற்கின்றன. ஆனால் அவ்விரண்டுக்கும் பதிலாக நிற்கத் தக்க சொல் ஆங்கிலத்தில் இல்லை. அண்டை வீட்டார் எல்லாரும் உறவினர் ஆகிவிடுவதில்லை.

தலைச்சொல் பற்றியும் புளூம்ஃபீல்டே தெளிவான பிரிவினை ஒன்றைத் தந்தார். "புவர் ஜான்" என்னும் தொடர் செய்யும் பணியை "ஜான்" என்ற சொல் தனித்தே செய்துவிடும். ஆகவே அதன் மையம் அகத்தே உள்ளது. "பிசைட் ஜான்" என்பதில், அதாவது ஜானின் அருகில் என்னும் தொடரில், மொத்தமும் செய்யும் பணியை "பிசைட்" தனித்தும் செய்யாது, "ஜான்" தனித்தும் செய்யாது. அதன் மையம் புறத்தே உள்ளது. தமிழிலக்கணம் கற்றவர்க்கு இது எங்கோ கேட்ட குரலாக இருக்கும். தொகைகளைப் பேசும் தொல்காப்பிய எச்சவியல், தொகையின் பொருள் முன்மொழியில் நிற்கும், பின்மொழியில் நிற்கும், இருமொழியிலும் நிற்கும், இவற்றுள் எதிலும் நில்லாது வேறொரு மொழியில் நிற்கும் என்று நான்கு இடங்களைக் குறிக்கிறது. "பொற்றொடி வந்தாள்" என்றால் வந்தது பொன்னுமன்று, தொடியுமன்று. தொல்காப்பியர் பேசியது தொகைகளை. புளூம்ஃபீல்டு பேசியது எல்லாத் தொடர்களையும். எனினும் கேள்வி ஒன்றே. புளூம்ஃபீல்டு பாணினியைக் கற்று வியந்தவர். வடமொழி இலக்கணியர் தொகைகளுக்கு இட்ட பெயர்களைத் தம் நூலில் அப்படியே ஆண்டவர். இந்திய இலக்கண மரபின் கேள்வி அமெரிக்க நூலுக்குள் வந்த வழி அது.

தலை எதுவோ அதன் பெயரே தொடருக்கும் பெயர். தலை பெயராயின் பெயர்த்தொடர், வினையாயின் வினைத்தொடர், பெயரடை, வினையடை ஆயின் அவ்வவ் அடைத்தொடர், "இன்", "ஆன்", "வித்" போன்ற முன்னிடைச்சொல் தலைமை ஏற்பின் முன்னிடைத்தொடர். இந்த ஐந்தும் கைவந்தால் மற்றவை தாமே வரும்.

இவற்றுள் செழித்து வளர்வது பெயர்த்தொடர். "எ டீச்சர் ஆஃப் மியூசிக் ஃப்ரம் லண்டன்" என்று ஒரு தொடர். தலை "டீச்சர்". அதன் வலப்புறம் இரண்டு முன்னிடைத்தொடர்கள். ஒன்று இசையைச் சொல்கிறது, மற்றொன்று ஊரைச் சொல்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒருபோலத் தோன்றும். இடம் மாற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். "எ டீச்சர் ஃப்ரம் லண்டன் ஆஃப் மியூசிக்" என்று சொன்னால் ஆங்கிலக் காது சுளிக்கும். "ஒன்" என்ற பதிலிச்சொல்லை வைத்துப் பார்ப்போம். "தி ஒன் ஃப்ரம் லண்டன்" என்பது தடையின்றி நிற்கும். "தி ஒன் ஆஃப் மியூசிக்" நிற்காது. கற்பிப்பவர் என்றாலே எதைக் கற்பிப்பவர் என்ற கேள்வி உடன் பிறக்கிறது. ஆதலால் இசை தலையோடு ஒட்டிய நிரப்பு. ஊர் எவருக்கும் உண்டு. அது எட்டி நிற்கும் அடை.

இதே கருத்தைத் தமிழில் சொல்வோம்: "இலண்டனிலிருந்து வந்த இசையாசிரியர்". தலை கடைசியில் நிற்கிறது. இசை அதை ஒட்டி நிற்கிறது, புணர்ந்து ஒரே சொல்லாகவே ஆகிவிட்டது. ஊர் தொலைவில் நிற்கிறது. திசைதான் தலைகீழ், தலையிலிருந்து தொலைவு இரண்டு மொழியிலும் ஒன்றே. கண்ணாடி முன் நின்றவர்க்கு இடமும் வலமும் மாறும். மூக்குக்கும் காதுக்கும் உள்ள தொலைவு மாறாது.

ஆங்கிலம் தலையின் இரண்டு பக்கத்திலும் சுமை ஏற்றுகிறது. ஒற்றைச்சொல் அடைகளை இடப்புறம் வைக்கிறது. தனக்கென வால் கொண்ட அடைகளை வலப்புறம் தள்ளுகிறது. பெருமிதமுள்ள தாய் என்பது "எ ப்ரவுட் மதர்". மகளை எண்ணிப் பெருமிதம் கொண்ட தாய் என்றால் "எ மதர் ப்ரவுட் ஆஃப் ஹர் டாட்டர்" என்று பெயரடைத்தொடர் முழுவதும் பின்னுக்குப் போய்விடும். பெயருக்கு முன் வரும் அடைத்தொடர் தன் தலைச்சொல்லோடு முடிய வேண்டும் என்பது ஏறத்தாழ விலக்கில்லா நெறி. தமிழிலோ எத்துணை நீண்ட அடையாயினும் பெயருக்கு முன்னேதான் இடம். அதனால் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுபவர் முன்புறமாகவே அடுக்கிக்கொண்டு போய்த் திணறுவார்.

தலையைத் தவறவிட்டால் எண்ணும் தவறும். "தி கீ டு தி கேபினெட்ஸ்" என்பதில் தலை "கீ", ஒருமை. ஆயினும் அதன் பின் வரும் வினைக்கு அருகே நிற்பது "கேபினெட்ஸ்" என்ற பன்மை. கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்னும் உளமொழியியலாளர் இருவர், இத்தகைய தொடக்கங்களை ஆங்கிலம் பேசுவோரிடம் தந்து முடிக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வை 1991-இல் வெளியிட்டனர். அருகிலுள்ள பெயர் பன்மையாக இருக்கும்போது, "இஸ்" வரவேண்டிய இடத்தில் "ஆர்" என்று நா வழுக்குவது மிகுதியாயிற்று. தாய்மொழிக்காரருக்கே இப்படி என்றால், மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் தொடங்கியவர் நாண வேண்டியதில்லை. "அலமாரிகளின் சாவி தொலைந்தது" என்னும்போது நமக்கு அத்தொல்லை இல்லை. தலைச்சொல்லே வினையின் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது.

பெயர்த்தொடர் ஒரே உறுப்பு என்பதற்கு ஆங்கிலத்தின் ஆறாம் வேற்றுமையே சான்று. "தி கிங் ஆஃப் இங்கிலாண்ட்ஸ் கிரவுன்" என்பதில் உடைமை காட்டும் "ஸ்" ஒலி இங்கிலாந்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, முடியோ மன்னனுடையது. பழைய ஆங்கிலத்தில் இவ்வுருபு பெயரின் ஈறாகவே இருந்தது. நூற்றாண்டுகளின் ஓட்டத்தில் சொல்லைவிட்டுக் கழன்று, தொடர் முழுவதன் கடைசியில் ஏறிக்கொண்டது.

இத்துணையும் சொன்ன பின், பெயர்த்தொடரின் தலை பெயரே அன்று என்று வாதிடுவோரும் உளர் என்பதை மறைக்கலாகாது. ஸ்டீவன் ஆப்னி 1987-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், "தி", "திஸ்" போன்ற சுட்டுச்சொற்களே தலை என்றும், பெயர் அவற்றின் நிரப்பே என்றும் விரிவாக நிறுவ முயன்றார். மொழியியலறிஞர் நோம் சாம்ஸ்கியின் வழியினர் பெரும்பாலும் அதை ஏற்றனர். மற்றவர் பலர் ஏற்கவில்லை. என் மனம் பழைய வழக்கின் பக்கமே சாய்கிறது. மாணவர்க்கு முதலில் கற்பிக்கத் தக்கது அதுவே.

முன்னிடைத்தொடர் அளவில் சிறியது, குறும்பில் பெரியது. அது பெயருக்கும் அடையாகும், வினைக்கும் அடையாகும். எதற்கு என்பதை உருவில் காட்டாது. "ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்" என்னும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டில், தொலைநோக்கி யார் கையில் என்பதை ஆங்கிலம் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பவர் இங்கே நின்று முடிவெடுத்தே தீரவேண்டும். தொலைநோக்கியால் பார்த்தேன் என்றால் வேற்றுமையுருபு வினையைத் தழுவும். தொலைநோக்கி வைத்திருந்தவரைப் பார்த்தேன் என்றால் பெயரெச்சம் ஆளைத் தழுவும். இரண்டுக்கும் நடுவே மழுப்பிச் செல்லத் தமிழ் எளிதில் இடங்கொடாது.

முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும், கூற்றின் கடைசியில் நிற்கலாகாது என்றொரு கட்டளை ஆங்கில வகுப்புகளில் நெடுங்காலம் வழங்கியது. கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குற்றமாகக் காட்டினார். ராபர்ட் லௌத் 1762-இல் எழுதிய இலக்கணம், முன்னே வைப்பதே மிடுக்கான நடை என்றது. ஆனால் கடைசியில் வைக்கும் வழக்கம் ஆங்கிலத்துக்கு இயல்பென்று ஒப்புக்கொண்ட அவருடைய கூற்றே முன்னிடைச்சொல்லில்தான் முடிகிறது. லௌத் நகைச்சுவையாகச் செய்தாரா, கை தானே எழுதிவிட்டதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

வினைத்தொடர் என்ற பெயரில் இரண்டு பொருள்கள் புழங்குகின்றன. இதை அறியாமல் இரண்டு நூல்களை ஒருசேரப் படிப்பவர் குழம்புவார். ராண்டால்ஃப் குவிர்க்கும் உடனாசிரியர்களும் 1985-இல் வெளியிட்ட பேரிலக்கணத்தில், துணைவினைகளும் முதல்வினையும் மட்டுமே வினைத்தொடர். சாம்ஸ்கியின் மரபிலும், ஹட்டில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் 2002-ஆம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ் இலக்கணத்திலும், செயப்படுபொருள் முதலிய நிரப்புகளும் அதற்குள் அடங்கும்.

துணைவினைகளின் அணிவகுப்பைச் சற்று அருகே சென்று பார்ப்போம். "ஹி மே ஹாவ் பீன் பீயிங் வாட்ச்டு." நாவுக்கு வருத்தந்தான், ஆனால் வழுவில்லை. முதலில் "மே", இயலுமை. அடுத்து "ஹாவ்", முடிவுற்ற நிலை. மூன்றாவது "பீன்", தொடர்ந்து நிகழ்தல். நான்காவது "பீயிங்", செயப்பாட்டு. கடைசியில் "வாட்ச்டு", முதல்வினை. இவ்வரிசையில் எதையும் எதனோடும் மாற்ற முடியாது. முதல் மூன்றின் வரிசையையும், ஒவ்வொன்றும் தன் அடுத்ததன் ஈற்றை எப்படி ஆள்கிறது என்பதையும், நோம் சாம்ஸ்கி 1957-இல் வெளிவந்த "சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்" என்னும் சிறு நூலில் மிகச் சுருங்கிய விதிகளுக்குள் அடக்கினார். அந்நூலின் புகழுக்கு அதுவும் ஓர் ஏது.

இப்போது தமிழ்: "கண்காணிக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கலாம்". ஒரே சொல்லாக எழுதும் இதைப் பின்னாலிருந்து பிரிப்போம். கடைசியில் "லாம்", இயலுமை. அதற்கு முன் "இருந்திரு" என்பதன் பின்னிரு, முடிவுற்ற நிலை. அதற்கு முன் "கொண்டிரு", தொடர்ந்து நிகழ்தல். அதற்கு முன் "படு", செயப்பாட்டு. முதலில் "கண்காணி". ஆங்கிலத்தின் ஐந்து சொற்களும் ஒன்றுகூடக் குறையாமல், ஒன்றுகூட இடம்பிறழாமல், முற்றிலும் தலைகீழாக நிற்கின்றன. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல, உறவுமில்லை.

இத்தலைகீழ் அமைப்பு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் உரிய விந்தையன்று. ஜோசஃப் கிரீன்பெர்க் 1963-இல் முப்பது மொழிகளை ஒப்பிட்டு நாற்பத்தைந்து பொதுமைகளை வெளியிட்டார். அம்முப்பதில் ஆங்கிலம் இல்லை, தமிழும் இல்லை. நம் குடும்பத்தின் சார்பில் கன்னடம் இருந்தது. வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் வரும் மொழிகள் முன்னிடைச்சொற்களை விரும்புவதும், செயப்படுபொருளை முன்வைத்து வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் பின்னிடைச்சொற்களை விரும்புவதும் அவ்வொப்பீட்டில் தெளிவாயின. ஒரு தொடரில் தலை எப்பக்கம் என்று அறிந்தால், அம்மொழியின் மற்றத் தொடர்களிலும் தலை எப்பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எஞ்சியவை, பழைய நூல்கள் எச்சவினைகளைக் கொண்டு வகுத்த தொடர்கள். "டு" சேர்ந்தது, "இங்" ஈற்றுத் தொழிற்பெயர், "இங்" ஈற்று எச்சம் என மூன்று. 2002-ஆம் ஆண்டு இலக்கணம் இவற்றைத் தொடர் என்னாது கிளைத்தொடர் என்றே கொள்கிறது. பெயர் எதுவாயினும், நடுவிலும் கடையிலும் உள்ளவை ஒரே முகம் காட்டுவதுதான் சிக்கல். "ஃப்ளையிங் பிளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்" என்றால் வானூர்தி ஓட்டுவதில் இடர் உண்டு என்றும் கொள்ளலாம், பறக்கும் வானூர்திகளால் இடர் உண்டு என்றும் கொள்ளலாம். "கேன்" ஒருமை பன்மை காட்டாததால் ஐயம் தீராது; அவ்விடத்தில் "இஸ்" வைத்தால் ஓட்டுவது தலை, "ஆர்" வைத்தால் ஊர்திகள் தலை. நமக்கு ஓட்டுவதும் பறக்கும் என்பதும் முதலிலேயே வேறு வேறு வடிவங்கள்.

எச்சத்தொடரால் நேரும் மற்றொரு வழு, ஆளற்றுத் தொங்குதல். "வாக்கிங் டவுன் தி ரோட், தி டெம்பிள் கேம் இன் சைட்" என்றெழுதினால் கோயில் நடந்து வந்ததாகிவிடும். "தெருவில் நடந்து கோயில் தெரிந்தது" என்று எந்தத் தமிழரும் எழுதார், "நடந்தபோது" என்பார். "செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாகக் கொள்ளும் என்பது தொல்காப்பியக் காலந்தொட்டு வரும் நெறி. "செய" என்னும் எச்சத்துக்கு அக்கட்டுப்பாடு இல்லை; மழை பெய்ய நெல் விளையும். ஆங்கிலத்தில் "தி ரெய்ன் ஹாவிங் ஸ்டாப்டு, வி லெஃப்ட்" என்று தனி எழுவாயோடு வரும் தொடரைக் கண்டு மிரளும் மாணவரிடம், இது நம் "மழை நிற்க, நாங்கள் புறப்பட்டோம்" என்று சொன்னால் போதும்.

தலை எப்பக்கம் இருந்தாலும் கேட்பவர் இடறும் இடம் ஒன்று உண்டு. "தி ஹார்ஸ் ரேஸ்டு பாஸ்ட் தி பார்ன் ஃபெல்" என்பது தாமஸ் பெவர் 1970-இல் காட்டிய கூற்று. குதிரை கொட்டிலைக் கடந்து ஓடியது என்று படித்துக்கொண்டே வந்தவர் கடைசிச் சொல்லில் முட்டிக்கொள்வார். அதற்கு இடமே இல்லை. "ரேஸ்டு" முற்றன்று, எச்சம். கொட்டிலைக் கடந்து ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பதே கருத்து. தலையை முதலிலேயே பெற்றுவிட்டவர் அவசரப்பட்டு வினையை முடித்துவிட்டார். தமிழில் "ஓட்டப்பட்ட" என்ற ஈறே பெயரொன்று வரவிருக்கிறது என்று அறிவித்துவிடுவதால் இடறல் இல்லை.

நமக்கு இடறல் வேறு வகையில் வரும். தலை கடைசியில் நிற்பதால், முன்னே வரும் அடைகள் எந்தப் பெயருக்கு உரியவை என்பது அங்கே போய்ச் சேரும்வரை உறுதியாவதில்லை. நேற்று வந்த முருகனின் அண்ணன் என்றால் வந்தது முருகனா, அண்ணனா? பழைய புத்தகக் கடை என்ற பெயர்ப்பலகையில் பழைமை எதனுடையது? இலக்கணப்படி இரண்டு கட்டும் கூடும். ஆயினும் தெருவில் போகிறவர் எவரும் நின்று ஐயுறுவதில்லை. கடை மாறிப் புது இடத்தில் திறந்தால்கூட, "புதிதாகத் திறந்த பழைய புத்தகக் கடை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறோம். புதுமை கடையைச் சென்று சேர்கிறது, பழைமை புத்தகத்தோடு நின்றுவிடுகிறது.